வீட்டு ஒப்பனை: விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்யும் தொழிலின் வரலாறு

விற்பனைக்கு வரும் வீட்டை, வாங்க வருபவரின் மனத்துக்குப் பிடிக்கும்படி ஒழுங்குபடுத்திக் காட்டும் தொழில் ஹோம் ஸ்டேஜிங் எனப்படுகிறது. தமிழில் இதை வீட்டு ஒப்பனை எனலாம். இதைச் செய்பவர் ஸ்டேஜர், அதாவது வீட்டு ஒப்பனையாளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் 1970களின் தொடக்கத்தில் உருவான இத்தொழில், பிறகு கனடா, பிரிட்டன், சுவீடன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியது.

இதை உள் அலங்காரத்துடன் சேர்த்துப் பார்ப்பது பொதுவாக நேரும் பிழை. உள் அலங்காரம் செய்பவர் அந்த வீட்டில் வாழப்போகிறவரின் விருப்பத்தைக் கேட்டு வேலை செய்கிறார். ஒப்பனையாளருக்கு அங்கே வாழப்போகிறவர் யாரென்றே தெரியாது. இப்போது வாழ்பவரின் விருப்பமோ அவருக்குத் தேவையில்லை. சொல்லப்போனால், இப்போது வாழ்பவரின் தடயத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுவதே அவருடைய முதல் வேலை. ஒரு குடும்பம் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்த இடத்தை, யாரும் வாழாத இடம்போலக் காட்ட வேண்டும். அதே நேரத்தில், யார் வேண்டுமானாலும் நாளைக்கே குடிவந்து சுகமாக இருக்கலாம் என்றும் தோன்ற வேண்டும்.

அமெரிக்க வீட்டுச் சந்தையின் பின்னணி

இத்தொழில் ஏன் அமெரிக்காவில் பிறந்தது என்பதை அறிய, அங்கே வீடு எப்படிக் கைமாறுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை மாறும்போது, குழந்தைகள் பெரியவர்களாகும்போது, ஓய்வு பெறும்போது என வாழ்நாளில் பலமுறை வீடு மாற்றுவது அங்கே வழக்கம். விற்பனை மந்தமாக இருந்த 2023இல்கூட, ஏற்கெனவே குடியிருக்கப்பட்ட வீடுகள் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் கைமாறின. விற்பவர் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே குடியிருந்துகொண்டுதான் விற்கிறார். பழைய வீடு விற்ற பணத்தில்தான் புதிய வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். விற்பனை ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாதக் கடன் தவணையும் சொத்து வரியும் காப்பீடும் கையைக் கடிக்கும்.

வீடு சந்தைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் முகவர்களின் பொதுப் பட்டியலில் பதிவாகிறது. நாள் ஏற ஏற, 'இதில் ஏதோ குறை இருக்கிறது போலும்' என்ற ஐயமும் ஏறும். ஆகவே முதல் இரண்டு வாரங்களில் வீடு எப்படிக் காட்சி தருகிறது என்பது விற்பவருக்கு மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் முகவர் வீட்டைத் திறந்து வைக்கிறார். முன்பின் தெரியாத பலர் வந்து, அறை அறையாகப் பார்த்து, அலமாரியைத் திறந்து, குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதற்கு ஓப்பன் ஹவுஸ் என்று பெயர். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வெளியே போய்விட வேண்டும் என்பது எழுதாத விதி.

மாதிரி வீடுகளின் காலம்

யாரும் வாழாத, ஆனால் முழுமையாகச் சாமான்கள் நிறைந்த வீட்டை மக்களுக்குக் காட்டும் வழக்கம் ஒப்பனைத் தொழிலுக்கு முந்தியது. 1922இல் 'தி டெலினியேட்டர்' என்ற பெண்கள் இதழின் ஆசிரியர் மேரி மெலோனி 'பெட்டர் ஹோம்ஸ் இன் அமெரிக்கா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் அதற்குத் துணை நின்றார். ஆண்டில் ஒரு வாரம், நாடெங்கும் ஊர்க் குழுக்கள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, திரைச்சீலை முதல் சமையலறைப் பாத்திரம் வரை ஒழுங்குபடுத்தி, பொதுமக்கள் பார்க்கத் திறந்துவைத்தன. நல்ல வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நடுத்தரக் குடும்பங்களுக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். வீடு ஒரு பாடப்புத்தகம்போலப் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த உத்தியைக் கட்டுமான நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி லெவிட்டவுன் என்ற ஊரையே உருவாக்கியது. 1949இல் 7,990 டாலர் விலையில் அது அறிமுகப்படுத்திய வீட்டு வகைக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் காத்து நின்றனர். அவர்கள் பார்த்தது மாதிரி வீட்டை. வாங்கியது அதேபோல் இனிமேல் கட்டப்படவிருந்த ஒன்றை.

அந்த வரிசையில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தொடக்க கால ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் நடைமுறை மாறவில்லை. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் நியாயமான குடியிருப்புச் சட்டம் 1968இல்தான் வந்தது. ஒப்பனைத் தொழிலின் வரலாற்றில் இந்தச் செய்திக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பிற்பகுதியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

சியாட்டில் அருகே, 1972

புது வீடுகளைக் கட்டுநர் அலங்கரித்துக் காட்டினார். பழைய வீடுகளோ அழுக்குத் துணி, நாய்ப் பாய், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய குழந்தைகளின் ஓவியம் ஆகியவற்றோடு அப்படியே விற்கப்பட்டன. வாசலைப் பெருக்கி, அடுப்பில் பிஸ்கட் வேகவைத்து மணம் பரப்புவதற்கு மேல் யாரும் எதுவும் செய்ததில்லை.

இதை மாற்றியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் பார்ப் ஷ்வார்ட்ஸ். இவர் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள பெல்வியூ பகுதியில் வீட்டு விற்பனை முகவராக இருந்தவர். அவரே கூறிவரும் வரலாற்றின்படி, 1972இல் தம் வாடிக்கையாளர்களின் வீடுகளை இவ்வாறு தயார் செய்யத் தொடங்கினார். உள் அலங்காரத்திலும் மேடை நிகழ்ச்சிகளிலும் அவருக்குப் பழக்கம் இருந்தது. 'உங்கள் வீடு அலங்கோலமாக இருக்கிறது' என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்வது எந்த முகவருக்கும் சங்கடம். நாடகத்துக்கு மேடை அமைப்பதுபோல் விற்பனைக்கு வீட்டை அமைக்கலாம் என்று சொன்னால் அந்தச் சங்கடம் குறைந்தது. குறை வீட்டுக்காரரிடம் இல்லை, இது காட்சிக்கான ஏற்பாடு என்று ஆகிவிடுகிறது. தொழிலுக்கு ஸ்டேஜிங் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. நல்ல சொல் ஒன்று ஒரு தொழிலையே உண்டாக்கிவிடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அந்தக் காலத்துச் சியாட்டிலின் நிலைமையும் நினைவில் கொள்ளத்தக்கது. அப்பகுதியின் பெரிய வேலைகொடுப்பாளரான போயிங் விமான நிறுவனம் கடும் நெருக்கடியில் இருந்தது. 1960களின் இறுதியில் ஏறத்தாழ 1 லட்சமாக இருந்த அதன் பணியாளர் எண்ணிக்கை 1971இல் 40,000க்கும் கீழே இறங்கியது. ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்ற பொருளில் அந்த ஆண்டு விமான நிலையம் அருகே ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. வேடிக்கைக்காக அதை வைத்தவர்கள் இரண்டு வீட்டு மனை முகவர்கள். விற்க வேண்டிய வீடுகள் மிகுதி, வாங்குபவர் சிலர் என்ற சூழலில் முகவர்களுக்குப் புது உத்திகள் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

ஷ்வார்ட்ஸ் 1980களிலும் 1990களிலும் பல நகரங்களுக்குச் சென்று முகவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தரும் முறையை ஏற்படுத்தினார். 1999இல் ஒப்பனையாளர்களுக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். 2006இல் 'ஹோம் ஸ்டேஜிங்' என்ற அவருடைய நூல் வந்தது. 2007இல் ரியல் எஸ்டேட் ஸ்டேஜிங் அசோசியேஷன் என்ற மற்றொரு சங்கமும் உருவாயிற்று.

வீட்டு விற்பனை முகவருக்கும் வீட்டு மதிப்பீட்டாளருக்கும் அரசு உரிமம் வேண்டும். ஒப்பனையாளருக்கு அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. இத்தொழிலில் பெரும்பான்மையோர் பெண்கள். குழந்தைகளை வளர்த்து முடித்தவர்கள், ஆசிரியப் பணியிலிருந்தோ அலுவலகப் பணியிலிருந்தோ விலகியவர்கள் என நடுவயதில் இதற்கு வந்தவர்கள் பலர். வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது காலங்காலமாகப் பெண்கள் கூலியின்றிச் செய்த வேலை. அதே திறனுக்கு ரசீது போட்டுப் பணம் வாங்கும் நிலை இத்தொழிலால் வந்தது என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஒப்பனையாளர் செய்யும் வேலை

வேலை தெருவில் தொடங்குகிறது. ஒப்பனையாளர் வீட்டுக்குள் நுழையும் முன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வீட்டைப் பார்க்கிறார். வாங்க வருபவர் காரைவிட்டு இறங்கும்போதே பாதி முடிவு எடுத்துவிடுகிறார் என்பது இத்தொழிலின் நம்பிக்கை. புல்வெளி வெட்டப்பட்டிருக்கிறதா, அஞ்சல் பெட்டி துருப்பிடித்திருக்கிறதா, வாசற்கதவின் வண்ணம் உரிந்திருக்கிறதா, மணி அடிக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார். பிறகு உள்ளே சென்று, வருபவர் நடக்கும் வரிசையிலேயே அறை அறையாக நடந்து, ஒவ்வோர் அறையின் வாசலிலும் நின்று கண்ணில் முதலில் எது படுகிறது என்று பார்க்கிறார். இந்த முதல் சந்திப்பு ஓரிரு மணி நேரம் நீடிக்கும். முடிவில் வீட்டுக்காரருக்கு ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் இந்தப் பட்டியலை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையைத் தாமே செய்வதும் உண்டு.

அடுத்தது பொருள்களைக் குறைப்பது. இதுதான் கடினமான கட்டம். மேசைமேல் உள்ளவை, சன்னலோரப் பொம்மைகள், சமையலறை மேடைமேல் வரிசையாக நிற்கும் கருவிகள் எல்லாம் பெட்டிக்குள் போகும். அலமாரிகளில்கூடப் பாதியை எடுத்துவிடச் சொல்வார்கள். அலமாரி நிறைந்து வழிந்தால் வீட்டில் இடம் போதாது என்ற எண்ணம் வரும். பாதி காலியாக இருந்தால் இடம் தாராளம் என்று தோன்றும். எடுத்தவற்றை வாடகைக் கிடங்கில் போடுவார்கள். எப்படியும் வீடு மாறத்தானே போகிறீர்கள், மூட்டை கட்டும் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பது ஒப்பனையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்.

அதற்கடுத்து, குடும்ப அடையாளங்களை நீக்குவது. திருமணப் படம், பேரக்குழந்தை படம், பட்டச் சான்றிதழ், விளையாட்டுக் கோப்பை, மத அடையாளங்கள், அரசியல் கட்சிச் சின்னங்கள் எல்லாம் இறங்கும். காரணம் எளிது. சுவரில் இன்னொருவரின் முகம் இருக்கும்வரை பார்ப்பவர் விருந்தாளியாகவே இருக்கிறார். சுவர் வெறுமையானால்தான் அங்கே தம் படத்தை மாட்டிப் பார்க்கிறார். படங்களுக்காக நிற்கும் நேரத்தில் அறையை அவர் பார்ப்பதில்லை என்றும் சொல்வார்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது வீட்டுக்காரர் நினைக்கும் சுத்தத்தைவிட ஒரு படி மேலானது. குளியலறை ஓடுகளுக்கு இடையே கறுத்துப்போன கோடு, மின்விசிறி இறக்கை, சன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வரை போகும். மணத்தைப் பொறுத்தவரை வீட்டுக்காரரின் மூக்கை நம்ப முடியாது. நாயும் பூனையும் வளர்ப்பவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் தம் வீட்டின் வாடை தெரியாது. வீடு விற்பனையில் இருக்கும் நாட்களில் மீன், பூண்டு, மசாலா சேர்ந்த சமையலைத் தவிர்க்கச் சொல்வது வழக்கமான அறிவுரை. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வீடு விற்கும் தமிழ்க் குடும்பம் சில வாரங்களுக்குத் தாளிப்பை மறக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிறு பழுதுகள் சரிசெய்யப்படும். சொட்டும் குழாய், ஒட்டிக்கொள்ளும் கதவு, கழன்ற கைப்பிடி ஆகியவை செலவில் சிறியவை. ஆனால் இதையே கவனிக்காதவர் கூரையை எப்படிக் கவனித்திருப்பார் என்ற கேள்வியை எழுப்புபவை. சுவர்களுக்கு வெள்ளைக்கும் சாம்பலுக்கும் மணல் நிறத்துக்கும் இடைப்பட்ட வண்ணம் பூசுவார்கள். சிவப்புச் சாப்பாட்டு அறையோ ஊதா நிறப் படுக்கையறையோ யாரோ ஒருவருக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. பலருக்குப் பிடிக்காமல் போகாதிருப்பதே இங்கே இலக்கு.

இதற்குப் பிறகுதான் கலை தொடங்குகிறது. நாற்காலிகளையும் சோஃபாவையும் சுவரோடு ஒட்டிப் போடுவது வீடுகளில் வழக்கம். ஒப்பனையாளர் அவற்றைச் சுவரிலிருந்து விலக்கி, பேசுவதற்கு வாகாக நெருக்கி அமைக்கிறார். அப்போது அறை பெரிதாகத் தெரிகிறது என்பது அனுபவம். கணப்பு அடுப்போ பெரிய சன்னலோ இருந்தால் இருக்கைகள் அதை நோக்கித் திரும்பும். கிடங்காகிப்போன நான்காவது அறைக்குள் ஒரு மேசையும் விளக்கும் வைத்து, அது அலுவலக அறை என்று காட்டப்படும். பயன் இன்னதென்று தெரியாத அறைக்கு வாங்குபவர் மதிப்புக் கொடுப்பதில்லை. கனத்த திரைச்சீலைகள் போய்விடும், மங்கிய பல்புகள் மாறும், பகலிலும் எல்லா விளக்குகளும் எரியும்.

காலி வீடு என்றால் எல்லாவற்றையும் ஒப்பனையாளரே கொண்டுவருகிறார். பெரிய ஒப்பனை நிறுவனங்களுக்குச் சொந்தக் கிடங்கும் லாரியும் உண்டு. சோஃபா, மேசை, விரிப்பு, படம், துவாலை, கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் வரை ஒரே நாளில் வந்திறங்கும். படுக்கையறையில் பெரும்பாலும் நிஜ மெத்தை இருக்காது. காற்றடைத்த மெத்தையோ அட்டைப் பெட்டிகளோ அடியில் இருக்க, மேலே அழகான விரிப்பும் ஆறேழு தலையணைகளும் இருக்கும். களைத்துப்போய் அதில் உட்கார்ந்தவர்கள் கதை இத்தொழிலில் நிறைய உண்டு. வாடகை மாதக் கணக்கில். இறக்கி ஏற்றும் கூலி சேர்வதால் முதல் மாதம் செலவு அதிகம். வீடு விற்றதும் அதே லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

அழகும் மறைப்பும்

சுவரின் விரிசலுக்கு முன் ஒரு பெரிய படத்தை மாட்டினால் என்ன? இந்தக் கேள்வி தொழிலுடன் கூடவே பிறந்தது. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்ற பழைய நெறி, ஒப்பனை வளர்ந்த அதே ஆண்டுகளில் தளரத் தொடங்கியது. வீட்டின் கூரை, அடித்தளம், மின்கம்பி, குழாய் ஆகியவற்றைச் சோதித்துச் சொல்லும் ஆய்வாளர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 1976இல் அமைந்தது. ஒரே பத்தாண்டில் வீட்டை அழகாகக் காட்டத் தனியே ஒருவரும், அந்த அழகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தனியே ஒருவரும் தோன்றினர்.

1984இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈஸ்டன் வழக்கில் முக்கியமான தீர்ப்பை அளித்தது. சரியாக இறுகாத நிரப்பு மண்ணின்மேல் கட்டப்பட்ட வீடு அது. விற்ற பிறகு மண் சரிந்து பெருஞ்சேதம் ஏற்பட்டது. விற்பவரின் முகவர் கண்ணால் பார்த்து அறியக்கூடிய குறைகளைத் தேடிப் பார்த்து, வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது. விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்கும் படிவம் பின்னர் பல மாநிலங்களில் கட்டாயமாயிற்று. பொறுப்புள்ள ஒப்பனையாளர்கள் விரிசலைச் சரிசெய்யச் சொல்வார்கள், மறைக்கமாட்டார்கள். ஆயினும் சிறிய அறையில் சிறிய கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டுவது மறைப்பா, ஒப்பனையா என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விடை இல்லை.

தொலைக்காட்சியும் நிழற்படமும்

முகவர்களுக்குள் மட்டும் தெரிந்திருந்த இத்தொழிலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது தொலைக்காட்சி. பிரிட்டனின் சேனல் 5இல் 1998இல் தொடங்கிய 'ஹவுஸ் டாக்டர்' நிகழ்ச்சியில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆன் மாரிஸ் பிரிட்டிஷ் வீட்டுக்காரர்களின் பூப்போட்ட கம்பளங்களைத் தயவின்றி விமர்சித்தார். அமெரிக்காவில் 2003இல் வந்த 'செல் திஸ் ஹவுஸ்' நிகழ்ச்சி, பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பற்றிச் சொல்வதை ஒளித்துவைத்த படக்கருவியில் பதிவுசெய்து வீட்டுக்காரருக்கே போட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டு வந்த 'டிசைன்டு டு செல்' 2,000 டாலருக்குள் ஒரு வீட்டை மாற்றிக் காட்டியது.

இணையம் செய்த மாற்றம் இதைவிட ஆழமானது. வீட்டைத் தேடுபவர் இப்போது முதலில் நடந்து பார்ப்பதில்லை, படத்தில் பார்க்கிறார். விரலால் தள்ளிவிடும் சில நொடிகளுக்குள் வீடு பிடிக்க வேண்டும். அதனால் ஒப்பனையும் படக்கருவி நிற்கும் மூலையை மனத்தில் வைத்துச் செய்யப்படலாயிற்று.

காலி வீடுகளில் குடியிருந்தவர்கள்

2006க்குப் பிறகு வீட்டு விலைகள் சரிந்து, கடன் கட்ட முடியாமல் பல லட்சம் குடும்பங்கள் வீட்டை இழந்தன. விற்காத வீடுகள் காலியாகக் கிடந்தன. அப்போது பரவலான ஒரு ஏற்பாடு ஒப்பனையின் எல்லையைக் காட்டுகிறது. ஃபுளோரிடா முதலிய மாநிலங்களில் சில நிறுவனங்கள், நல்ல மேசை நாற்காலிகள் உள்ள குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, விலையுயர்ந்த காலி வீடுகளில் மிகக் குறைந்த வாடகைக்குக் குடிவைத்தன. சந்தை வாடகையில் சிறு பங்குதான் அவர்கள் கொடுத்தது. அதற்கு ஈடாக, எந்த நேரமும் வீடு கலையாமல் இருக்க வேண்டும். வாங்குபவர் வருகிறார் என்று தகவல் வந்தால் படுக்கையை ஒழுங்குபடுத்தி, விளக்கேற்றி, எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். வீடு விற்றால் குறுகிய கெடுவில் மூட்டை கட்ட வேண்டும். அந்தச் சரிவில் சொத்தை இழந்தவர்களும் இப்படி மாளிகை மாளிகையாக மாறிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைப்போல மனிதரையும் ஒப்பனைப் பொருளாக்கிய ஏற்பாடு என்று இதைச் சொல்வது மிகையாகாது.

பலன் எவ்வளவு?

அமெரிக்காவின் தேசிய ரியல்டர்கள் சங்கம் 2015 முதல் இத்தொழிலைப் பற்றி அவ்வப்போது ஆய்வறிக்கை வெளியிடுகிறது. வாங்குபவர் சார்பில் வேலை செய்யும் முகவர்களில் பத்துக்கு எட்டுப் பேர், ஒப்பனை செய்த வீட்டைத் தம் வருங்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குபவருக்கு எளிது என்று கூறியுள்ளனர். வரவேற்பறை, முதன்மைப் படுக்கையறை, சமையலறை ஆகியவையே பெரும்பாலும் ஒப்பனை செய்யப்படுகின்றன.

இவை முகவர்களின் கருத்துகள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டை ஒப்பனையோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் விற்றுப் பார்க்க இயலாது. ஒப்பனைக்குச் செலவு செய்பவர்கள் பெரும்பாலும் நல்ல பகுதியில் நல்ல வீடு வைத்திருப்பவர்கள். வீடு விரைவாக விற்றதற்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். மைக்கேல் சீலர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இச்சிக்கலைத் தாண்ட ஒரு வழி கண்டு, தம் முடிவை 2015இல் ஜர்னல் ஆஃப் ஹவுசிங் ரிசர்ச் இதழில் வெளியிட்டனர். ஒரே வீட்டின் கணினிக் காட்சியில் சுவர் வண்ணத்தையும் நாற்காலி மேசைகளையும் மட்டும் மாற்றி மாற்றிப் பலருக்குக் காட்டினர். நல்ல வண்ணமும் நல்ல சாமான்களும் வீட்டைப் பற்றிய எண்ணத்தை உயர்த்தின. ஆனால் கொடுக்க முன்வந்த விலை அதற்கேற்ப உயரவில்லை. விரும்புவது வேறு, பணம் கொடுப்பது வேறு என்று வாங்குபவர்கள் அறிந்தே இருக்கிறார்கள்.

யாருடைய தடயம்?

ஒப்பனையின் மையச் சொல் 'நடுநிலை'. நடுநிலை வண்ணம், நடுநிலைப் படம், நடுநிலை மணம். இந்த நடுநிலை வானத்திலிருந்து இறங்கியதன்று. அமெரிக்கப் புறநகரின் வசதியான வெள்ளையர் குடும்பத்து ரசனையே பெரும்பாலும் இப்பெயரில் வழங்குகிறது. வெள்ளையர் குடும்பம் தன் படங்களைக் கழற்றும்போது யாருடைய முகமும் இல்லாத வீடு மிஞ்சுகிறது. கறுப்பினக் குடும்பம் கழற்றும்போது நடப்பது வேறு என்பதைக் கலிபோர்னியாவின் மரின் சிட்டியில் நடந்த நிகழ்ச்சி காட்டியது.

மரின் சிட்டி இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக எழுந்த ஊர். போர் முடிந்ததும் வெள்ளையர்கள் வெளியேறி வேறு இடங்களில் வீடு வாங்கினர். லெவிட்டவுனில் இருந்ததைப் போன்ற தடைகளால் கறுப்பினக் குடும்பங்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. அவ்வூரில் வீட்டை விரிவாக்கிக் கட்டிய ஒரு கறுப்பினத் தம்பதியர், 2020இல் வீட்டுக் கடனை மாற்றியமைப்பதற்காக மதிப்பீடு செய்யச் சொன்னபோது, கிடைத்த தொகை மிகக் குறைவாகப் பட்டது. வேறொரு மதிப்பீட்டாளர் வரும் முன் அவர்கள் தம் குடும்பப் படங்களையும் ஆப்பிரிக்கக் கலைப் பொருள்களையும் எடுத்துவிட்டனர். வெள்ளையரான ஒரு தோழி தம் குடும்பப் படங்களை அங்கே வைத்து, வீட்டுக்காரராக நின்று கதவைத் திறந்தார். சில வாரங்களுக்குள் அதே வீட்டின் மதிப்பு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் கூடியிருந்தது. தம்பதியர் நியாயமான குடியிருப்புச் சட்டத்தின்கீழ் தொடுத்த வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. வேறு மாநிலங்களிலும் கறுப்பினக் குடும்பங்கள் இதேபோல் செய்து பார்த்து, இதேபோன்ற வேறுபாட்டைக் கண்டதாக வெளிப்படுத்தினர்.

இங்கே வேலை செய்தது சுத்தமோ வெளிச்சமோ அன்று. அறைகள் அவையே. மாறியது சுவரில் இருந்த முகம் மட்டும். பார்ப்பவர் தம் படத்தை மாட்டிப் பார்க்கட்டும் என்று ஒப்பனையாளர் படங்களைக் கழற்றச் சொல்லும் அறிவுரை, சில குடும்பங்களுக்குத் தம் சொத்தின் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. இக்குற்றத்தை ஒப்பனைத் தொழிலின்மேல் சுமத்துவது சரியாகாது. தொழில் இதைக் கண்டுபிடிக்கவில்லை, சந்தையில் முன்பே இருந்ததைப் பயன்படுத்தத்தான் கற்றுக்கொடுத்தது.

கணினி ஒப்பனை

அண்மைக் காலத்தில் லாரியும் கிடங்கும் இல்லாமலே ஒப்பனை நடக்கிறது. காலி அறையின் நிழற்படத்தில் கணினியால் சோஃபாவும் விரிப்பும் சேர்க்கிறார்கள். செலவு மிகக் குறைவு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் சில நொடி வேலையாகிவிட்டது. ஆனால் நாற்காலி சேர்க்கும் அதே கருவி, சன்னலுக்கு வெளியே உள்ள மின்கம்பத்தை எடுத்துவிடவும், காய்ந்த புல்லைப் பச்சையாக்கவும், கூரையின் கறையைத் துடைக்கவும் வல்லது. நேரில் வரும் வாங்குபவருக்குக் காலி அறையும் ஏமாற்றமும் காத்திருக்கும்.

கலிபோர்னியா 2025இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2026 ஜனவரி 1 முதல் அம்மாநிலத்தில், வீட்டு விற்பனை விளம்பரத்தில் கணினியால் மாற்றிய படத்தைப் போட்டால் அது மாற்றப்பட்டது என்று அருகிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய படத்தையும் பார்க்க வழிசெய்ய வேண்டும். அட்டைப் பெட்டிகளின்மேல் விரித்த படுக்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.